இசைப்பள்ளியின் பொறுப்பு சான்றிதழோடு முடிந்துவிடுகிறதா?

காரைக்குடி வாசகர்:
மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின் முதலியவற்றை மூன்றாண்டுகள் கற்பிக்கிறார்கள். நம் சிவகங்கையிலும் அப்படி ஒரு பள்ளி இருப்பதால்தான் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளும் முறையாக இசை படிக்க முடிகிறது. அந்தப் பிள்ளைகள் படிப்பை முடித்த பிறகு எங்கே, எதற்கு விண்ணப்பிப்பது என்று சொல்லித்தர ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவரை நியமிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

குன்றக்குடி தவிலாசிரியர்:
ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். கோரிக்கையை ஏற்க முடியவில்லை. வலக்கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு, இடக்கையில் குச்சி பிடித்து, இரண்டு கையும் ஒரே கணக்கில் பேசுவதற்கே மூன்றாண்டு போதவில்லை. அதிலும் ஒரு பகுதியை விண்ணப்பம் நிரப்பக் கற்பிப்பதற்கு ஒதுக்கினால், வேலை கிடைத்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகள்தான் மிஞ்சுவார்கள். கைச்சுத்தமாக வாசிப்பவனை மேளக்காரர்களே தேடி வந்து தங்கள் குழுவில் சேர்த்துக்கொள்வார்கள்.

தேவகோட்டை இசைப் பட்டதாரி:
ஐயா, மேளக்காரர் குடும்பத்துப் பிள்ளைக்குத் தேடி வருவார்கள்; எங்களைப் போன்ற முதல் தலைமுறையை யார் தேடுவார்கள்? அரசுப் பள்ளியில் இசையாசிரியராக இசைத் தகுதியோடு ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும் என்பதே படிப்பு முடிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வானொலியின் குரல் தேர்வில் பாடித் தரம் பெறலாம் என்பதையும் வெளியாள் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். இப்போது சிங்கப்பூரில் குடியேறிய நம் ஊர்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இணையவழியில் பாட்டுச் சொல்லித்தருகிறேன். அவர்களுக்கு மாலை ஆறு மணி என்றால் நமக்குப் பிற்பகல் மூன்றரைதான் என்பதால், உள்ளூர் மாணவர்கள் பள்ளி விட்டு வருவதற்குள் அந்த வகுப்பு முடிந்துவிடுகிறது. இந்த வழியை யாராவது முன்பே காட்டியிருந்தால் வீணாகக் காத்திருந்திருக்க மாட்டேன்.

குன்றக்குடி தவிலாசிரியர்:
பாட்டுக்கு அது பொருந்தும், அம்மா. தவிலையும் நாதசுரத்தையும் கைப்பேசி வழியே கேட்டுத் திருத்துவது கடினம். எங்கள் சிக்கல் வேறு. ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் இல்லை. முகூர்த்தம் உள்ள மாதங்களிலும் செட்டிநாட்டுக் கல்யாணங்கள் சிலவற்றில் கேரளத்துச் செண்டை மேளத்துக்கு அச்சாரம் கொடுக்கிறார்கள். கூப்பிடுகிறவர்கள் குறைந்த பிறகு வழிகாட்டி மட்டும் இருந்து என்ன பயன்? கானாடுகாத்தானில் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் கண்டு தமிழ்ப் பாட்டுக்கு மேடை அமைத்துக் கொடுத்தார். அவர் பிறந்த மண்ணில் கோயில்களும் கல்யாண வீடுகளும் நம் பிள்ளைகளை அழைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

காரைக்குடி வாசகர்:
அழைப்பவர் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களின் நிர்வாகத்தாரிடமும் போய், ‘எங்கள் பள்ளியில் இந்த ஆண்டு தேறியவர்கள் இவர்கள்’ என்று பட்டியலை நீட்ட ஓர் ஆள் வேண்டாமா? அந்த ஆளைத்தான் நான் கேட்கிறேன்.

குன்றக்குடி தவிலாசிரியர்:
அந்த ஆள் பள்ளிக்கு வெளியே அலையட்டும், மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் வைத்தால், அச்சாரம் பேசுவது முதல் வழிச்செலவு கேட்பது வரை நானே வந்து சொல்லித்தருகிறேன். பாடவேளையில் மட்டும் ஒரு மணி நேரத்தைக்கூடக் குறைக்கச் சம்மதிக்க மாட்டேன்.