13-ஆம் நம்பர் ஜெர்சியை என்ன பண்றது?

ஓக்லஹோமா நண்பர்களே, ஒரு சின்ன உதவி.

2021 அக்டோபர்ல நம்ம ஓக்லஹோமா யுனிவர்சிட்டி அமெரிக்கன் ஃபுட்பால் டீம் டெக்சஸோட ஆடின மேட்ச் ஞாபகம் இருக்கும். 28-7னு பின்தங்கி நாமெல்லாம் கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருந்தப்ப, கேலப் வில்லியம்ஸ்னு முதலாண்டுப் பையன் குவார்ட்டர்பேக்கா (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவனா) இறங்கினான். 55-48ல ஜெயிச்சோம். மறுவாரமே என் மகனுக்கு அவனோட 13-ஆம் நம்பர் ஜெர்சி வாங்கிக் கொடுத்தேன்.

நவம்பர்ல நம்ம கோச் லிங்கன் ரைலி யூஎஸ்சிக்கு (கலிஃபோர்னியாவுல இருக்கிற இன்னொரு யுனிவர்சிட்டி) கிளம்பினார். பிப்ரவரியில கேலப்பும் அவர் பின்னாலயே. அங்க ஆடின முதல் சீசன்லயே, காலேஜ் ஃபுட்பால்ல சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கிற ஹைஸ்மன் விருது வேற! வேற காலேஜுக்கு மாறினா ஒரு வருஷம் ஆடாம சும்மா உட்காரணும்ங்கிற விதியை 2021லயே தளர்த்திட்டாங்க. கோச் போகலாம், பையன் போகக்கூடாதா? என் மகன் இதைக் கேட்டாத்தானே. ஜெர்சியைச் சுருட்டி அலமாரி அடியில போட்டவன்தான்.

இப்ப அது அவன் தங்கச்சிக்குச் சரியா இருக்கு. நார்மன்ல, நம்ம டீமோட சொந்த ஊர்ல நடக்கிற மேட்சுக்கு அதைத்தான் போடுவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. முதுகுல பேர் இல்லை, நம்பர் மட்டும்தான். ஸ்டேடியத்துல யாராவது முகம் சுளிப்பாங்களா? நம்பர் தைச்சது இல்ல, ஒட்டினது. '3' ஓரத்துல உரியுது. துணி கெடாம எடுத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. அயர்ன் பாக்ஸ் வச்சா பாலியஸ்டர் உருகிடுமோன்னு பயமா இருக்கு.