கூனின் மேற்கோள் எண்ணிக்கை: எதை நம்புறது?

தண்டையார்பேட்டை வாசகி: எங்க வாசிப்பு வட்டத்துக்காக அறிவியல் வரலாற்றாளர் தாமஸ் கூனோட தாக்கத்தை, அவரை எத்தனை பேர் மேற்கோள் காட்டினாங்கன்னு வச்சு அளக்கிறோம். கூகுள் ஸ்காலர் காட்டுற எண்ணைவிட ஸ்கோபஸ்ங்கிற இன்னொரு மேற்கோள் தரவுத்தளத்துல ரொம்பக் குறைச்சல். ஹெச்-இன்டெக்ஸ் மட்டும் போட்டா போதுமாண்ணா?

வண்ணாரப்பேட்டை நூலகன்: போதாதும்மா. 10 ஆக்கங்கள் தலா 10 மேற்கோளாவது வாங்கினா ஹெச் 10. ஒரே புத்தகம் ஆயிரக்கணக்குல வாங்கினாலும் அதுல 1தான் கூடும். கூன் விஷயமே 'தி ஸ்ட்ரக்சர் ஆஃப் சயின்டிஃபிக் ரெவல்யூஷன்ஸ்'ங்கிற அந்த 1962 புத்தகம்தானே! ஸ்காலர் ஆய்வேடு, புத்தகம் எல்லாத்தையும் அள்ளும். ஸ்கோபஸ் பெரும்பாலும் இதழ்கள். ரெண்டையும் கலக்காதே.

வெப் ஆஃப் சயின்ஸ்ங்கிற மேற்கோள் தரவுத்தளத்துல 'சைட்டட் ரெஃபரன்ஸ்' (மேற்கோள் காட்டப்பட்ட ஆக்கம்) தேடல் போடு. 1962, 1970 பதிப்பு, பக்க எண், தலைப்புச் சுருக்கம்னு ஒரே நூல் பல வரியா சிதறிக் கிடக்கும். எல்லாத்தையும் டிக் பண்ணி, மேற்கோள் காட்டின கட்டுரைகளை எடு. வரிகளைக் கூட்டினா, ரெண்டு பதிப்பையும் சொன்ன கட்டுரை இருமுறை எண்ணப்படும். இனிஷியல் இல்லாம தேடினா வேதியியல் நோபல் ரிச்சர்ட் கூனும் வந்து உட்காருவார்.

பெரம்பூர் தோழர்: அதுல 50 கட்டுரையைக் குலுக்கி எடுத்து, மேற்கோள் வர்ற பத்தியைப் படிங்க. பாதி சும்மா முன்னுரை அலங்காரமா இருக்கலாம். கூன் பிரபலமாக்கின 'பாரடைம் ஷிஃப்ட்' (சிந்தனைச் சட்டகமே மாறுறது)னு எழுதிட்டு கூன் பேரையே விடுறவங்க எந்தக் கணக்குலயும் வரமாட்டாங்க.