மெஸ்ஸியனின் பறவை ஏன் தட்டச்சு மாதிரி கேட்கிறது?

கேள்வி: பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியன் 1985-இல் பியானோவுக்கு எழுதிய 'பறவைகளின் சிறு கோட்டுச் சித்திரங்கள்', நாலாவது துண்டு, பாட்டுத் த்ரஷ் என்ற பறவையைப் பற்றியது, வாசிக்கிறேன். நோட்டெல்லாம் சரியாக விழுகிறது, பறவையைத்தான் காணோம். எங்கே கோளாறு?

பதில் 1: மேல் சுரத்தை மட்டும் அழுத்திக் கீழே இருக்கும் கார்டை (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை) விழுங்குகிறீர்களா? அந்தக் கார்டுகள் அலங்காரமில்லை, பறவையின் குரல்நிறமே அவைதான். முதலில் கார்டுகளை மட்டும் மெதுவாக, எல்லா விரலும் ஒரே நொடியில் இறங்கும்படி வாசியுங்கள். மேல் சுரத்தை அப்புறம் ஒரு பொட்டு தூக்கினால் போதும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) ஆகச் சிறிய நோட்டுக்கு வையுங்கள். பெரிய தாளக் கணக்கில் எண்ணினால் நீளங்கள் சமமாகிவிடும். தட்டச்சு வருவது அங்கேதான்.

பதில் 2: ஒலியை நீட்டிக்கும் கால் பெடலையும் பாருங்கள். மௌனம் வரும் இடத்தில் கால் முழுசாக மேலே வரணும்.

இந்தப் பறவை ஒரே சொற்றொடரை இரண்டு மூன்று தடவை அப்படியே திருப்பிச் சொல்லும். "இசையாக" இருக்கட்டும் என்று ஒவ்வொரு தடவையும் சத்தத்தை ஏற்றினால் கெட்டது.

பதில் 1: ஆமாம். இன்னொன்று, பறவைப் பதிவின் வேகத்தைத் துரத்தாதீர்கள். மெஸ்ஸியனே வேகத்தைக் குறைத்து, ஆக்டேவ் (ஸ்தாயி) இறக்கி, சுர இடைவெளிகளை அகலமாக்கித்தான் எழுதினார்.