வெள்ளையாக இருந்தவரை சிற்பம், நிறம் அடித்ததும் பிளாஸ்டிக் பூ!

களிமண்கை:
ஆறு மாத வேலை. இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் ஃபைபர்கிளாஸ், ஏழடி உயரம். விரியப்போகும் மொட்டுதான் மனதில் இருந்தது, ஆனால் இன்ன செடி என்று யாரும் பெயர் சொல்லிவிடக் கூடாது என்று நினைத்தேன். வெள்ளையாக இருந்தவரை அப்படித்தான் இருந்தது. இதழ்களுக்கு மஞ்சள், தண்டுக்கு ஊதா, உள்ளே ஆரஞ்சு என்று அடித்து முடித்ததும் வருகிறவர்கள் எல்லாம் "பெரிய பிளாஸ்டிக் பூவா?" என்கிறார்கள். நிறத்தைக் குறைத்துவிடலாமா?

ஓரப்பார்வை:
குறைக்காதீர்கள். ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின் ஃபைபர்கிளாஸ் பூக்களைப் பார்த்திருப்பீர்களே, உங்களுடையதைவிடக் கத்துகிற நிறங்கள், உடம்பெல்லாம் புள்ளி, அதைப் போய் யாரும் பிளாஸ்டிக் பூ என்று சொல்வதில்லை. நீங்கள் இதழுக்கு ஒன்று, தண்டுக்கு ஒன்று என்று உறுப்பு வாரியாகப் பிரித்துவிட்டீர்கள், அதாவது எது இதழ், எது தண்டு என்று நிறமே பெயர்ப்பலகை மாட்டிவிட்டது. பெயர் சொல்லக் கூடாது என்று நினைத்தது நீங்கள்தானே! வயது வாரியாக அடித்துப் பாருங்கள். பல செடிகளில் தளிர் சிவப்பாக வரும் (ஆந்தோசயனின் என்ற நிறமியால்), முற்ற முற்றப் பச்சை ஏறும். அதே மாதிரி நுனியில் ஒரு நிறம் தொடங்கி, இதழ் தண்டு என்று பாராமல் அடிவரை மாறிக்கொண்டே போகட்டும்.

திருகுமரை:
நிறம் சரி, இதழ்கள் எத்தனை? ஐந்தும் ஒரே அளவில், சம இடைவெளியில் இருந்தால் என்ன அடித்தாலும் பூதான். அடுத்தடுத்த இதழை 137.5 டிகிரி திருப்பி வையுங்கள், சூரியகாந்தியின் விதைகள் அமைவது கிட்டத்தட்ட அந்தக் கோணத்தில்தான். இங்கிலாந்தின் ஈடன் புராஜெக்ட் என்ற தாவரத் தோட்டத்தில் சிற்பி பீட்டர் ராண்டல்-பேஜ் வைத்த 'விதை' என்ற கிரானைட் சிற்பம், சுமார் 70 டன், அதன் மேடுகளும் இந்தக் கணக்கில் சுழல்கின்றன. வண்ணமே கிடையாது, ஆனாலும் வளர்கிற மாதிரி இருக்கும்.

களிமண்கை:
ஐந்தேதான், ஒரே அச்சில் எடுத்தவை. மாட்டிக்கொண்டேன்.

ஓரப்பார்வை:
அப்புறம், வெளியில் வைப்பதென்றால் பழைய பெயிண்டைத் தேய்த்து, பிரைமர் போட்டு, மேலே புற ஊதாக் கதிரைத் தாங்கும் கிளியர் கோட் (நிறமில்லாத மேல்பூச்சு) அடியுங்கள். வெயிலில் நிறமிகள் எல்லாம் ஒரே வேகத்தில் வெளுக்காது, ஒன்று மட்டும் முந்திக்கொண்டால் நீங்கள் கணக்குப் பார்த்து அடித்த மாற்றமெல்லாம் திட்டுத் திட்டாகிவிடும்.

களிமண்கை:
நேற்று இரண்டு இதழை அறுத்து எடுத்துவிட்டேன். மூன்று மட்டும் கோணலாக நிற்கிறது. இன்னும் நிறம் தொடவில்லை. எட்டிப் பார்த்த நண்பர் "இது என்ன?" என்றார்!