ரேடியோ முந்துகிறது, வீடியோ பிந்துகிறது: எப்படிச் சேர்ப்பது?

மகன் பென்சில்வேனியாவில் ஒரு சின்னக் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் ஆடுகிறான். டிவிஷன் 3, அதாவது கல்லூரி விளையாட்டின் மூன்றாம் அடுக்கு. விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது, ஆசைக்காகவே ஆடுகிற பிள்ளைகள். நாங்கள் இருப்பது டெக்சாஸில். சனிக்கிழமை ஆட்டம் ஒன்றைக்கூட இணைய நேரலையில் பார்க்காமல் விட்டதில்லை.

வெளியூர் ஆட்டங்களில்தான் சிக்கல். வீடியோ எதிரணிக் கல்லூரியுடையது, அதில் நம் பையன்கள் பெயரே வராது. அதனால் அதை மியூட் செய்துவிட்டு, எங்கள் கல்லூரி மாணவர் ரேடியோவை இணையத்தில் கேட்கிறோம். ரேடியோ சுமார் 40 வினாடி முந்துகிறது, இடைவேளைக்குப் பிறகு இன்னும் கூடுகிறது. போன வாரம் நான்காவது டவுன் (கடைசி முயற்சி), கோட்டுக்கு 2 கெஜம். திரையில் பிள்ளைகள் இன்னும் குனிந்து நிற்கிறார்கள், ரேடியோவில் டச்டவுன் (பந்து கோட்டைத் தாண்டிப் புள்ளி கிடைத்தது) என்று கத்திவிட்டார்கள். மனைவி எழுந்தே போய்விட்டாள்.

விண்டோஸ் 11 லேப்டாப், எச்டிஎம்ஐ வழியாக டிவி. ரேடியோவை நிறுத்தி மறுபடி ஓடவிட்டால் நேரலைக்கே தாவிவிடுகிறது. இரண்டு பிரவுசரிலும், போனிலும் இதே கதை. தனி பிளேயரில் லிங்க் திறக்கவே இல்லை. 10 ஆட்டங்களில் 6 முடிந்தன. மிச்சம் 4-ல் இரண்டு வெளியூர்.

நேரலை ஆடியோவை மட்டும் நாம் சொல்லும் வினாடிக்குத் தாமதப்படுத்தி, நடுவில் மாற்றிக்கொள்ளவும் லேப்டாப்பில் என்ன வழி?