ஆன்லைன் கண் சோதனையில் ஃபெயில்: வீட்டுப் பூஞ்சைதான் காரணமா?

கேட்டிக்காரி:

வணக்கம். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். 2021 பிப்ரவரியில் வந்த பனியில் கூரைக்கடியில் ஓடும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்து, வாஷிங் மெஷின் அறைச் சுவர் முழுக்க ஊறிவிட்டது. வீட்டுக்காரர் ஆள் அனுப்பி, நனைந்த பலகையை மாற்றி வெள்ளையடித்துக் கொடுத்தார். எல்லாவற்றையும் மாற்றினார்களா என்று அன்றைக்கு நான் நின்று பார்க்கவில்லை, அது என் தப்பு. இப்போது அந்த அறைக் கதவைத் திறந்தால் ஈரச்சாக்கு வாடை. என் கணவர் 'அப்படி ஒன்றும் இல்லையே' என்கிறார். ரசம் அடிப்பிடித்தாலே அவருக்குத் தெரியாது.

எட்டு மாதமாக எனக்குக் காலையில் எழும்போதே தலை கனம், மூக்கடைப்பு, அசதி. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று நினைவில் நிற்பதில்லை. கடையில் கொத்தமல்லி என்ற சொல் வராமல் 'அந்தப் பச்சை' என்று கையைக் காட்டுகிறேன். சில நாள் விரல் நுனியில் எறும்பு ஊறுகிற மாதிரி வேறு.

பியர்லாந்து மீனாட்சி கோயிலில் பழக்கமான அக்கா ஒருவர், 'இதெல்லாம் பூஞ்சை நச்சு, மங்கலான கோடு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்கும் வி.சி.எஸ். டெஸ்ட் ஆன்லைனில் இருக்கிறது, எடுத்துப் பார்' என்றார். 15 டாலர் கட்டி எடுத்தேன். திரையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி உட்காரச் சொன்னார்கள், தையல் டேப்பால் அளந்து உட்கார்ந்தேன். ஒரு கண்ணை மூட கைக்கு அகப்பட்டது பாயசக் கரண்டி. சாம்பல் நிற வட்டத்துக்குள் கோடுகள் வரும்: இடப்பக்கம் சாய்ந்திருக்கிறதா, வலப்பக்கமா, நேராகவா என்று சொல்ல வேண்டும். முதலில் பளிச்சென்று இருக்கும். போகப்போக, சாயங்காலத்தில் வியர்வையில் அழிந்துபோன விபூதிப் பட்டை மாதிரி, இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம். கடைசி ஏழெட்டுக்கு நான் சும்மா அடித்துவிட்டேன், பொய் சொல்லவில்லை.

முடிவு: இரண்டு கண்ணும் ஃபெயில். 'உயிரி நச்சுப் பாதிப்புக்கு வாய்ப்பு உண்டு.' இது ராத்திரி பதினோரு மணிக்கு, என் லேப்டாப்பில். ஞாயிறு காலை கணவரின் பெரிய மானிட்டரில் மறுபடி எடுத்தேன், இரண்டு கண்ணும் பாஸ். புதன்கிழமை மூன்றாவது தடவை: வலது பாஸ், இடது ஃபெயில்.

அந்த அக்கா சொன்ன சிகிச்சை நிலையத்தில் ஃபோனில் பேசினேன். முதல் மூன்று மாதத்துக்கு 2,800 டாலர், இன்சூரன்ஸ் கிடையாது. கொலஸ்டிரமின் என்ற பொடியைத் தண்ணீரில் கலக்கி நாலு வேளை குடிக்க வேண்டுமாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன் என்றேன், 'பரவாயில்லை' என்றார்கள். இதில் எந்த முடிவை நம்புவது? யாராவது எடுத்திருக்கிறீர்களா?

கரண்டிக்காரன்:

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், கண் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவன், நியூ ஜெர்சி. பாயசக் கரண்டியைப் படித்துவிட்டு இந்தப் பெயரை இப்போதுதான் வைத்துக்கொண்டேன். நாங்களும் கண்ணை மறைக்க ஏறக்குறைய அதைத்தான் நீட்டுகிறோம்.

சோதனை போலி இல்லை மேடம். அது அளக்கும் கான்ட்ராஸ்ட் சென்சிட்டிவிட்டி என்பது கண் மருத்துவத்தில் பழைய, மரியாதையான அளவு. சின்ன எழுத்தைப் படிப்பது ஒரு திறன், மங்கலான சாம்பலைப் பின்னணியிலிருந்து பிரித்துப் பார்ப்பது வேறொரு திறன். பெயின்ட் தின்னர் மாதிரிக் கரைப்பான்களோடு வேலை செய்பவர்களுக்கு எழுத்துப் பலகை சரியாக இருந்தும் இந்தத் திறன் குறைவதை ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்கள். 1997இல் மேரிலாந்தில் போகோமோக் ஆற்றில் மீன்கள் புண்ணோடு செத்து மிதந்தபோது ஃபிஸ்டீரியா என்ற நுண்ணுயிர் மேல் பழி விழுந்தது. அந்த ஊர் டாக்டர் ரிச்சி ஷூமேக்கர் தன் நோயாளிகளுக்குக் கொலஸ்டிரமின் கொடுத்தார். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையில் இருந்த கென் ஹட்னெல் இந்தக் கோட்டுச் சோதனையைக் கொண்டுவந்தார். அங்கிருந்துதான் அது பூஞ்சை வீடுகளுக்கு வந்து சேர்ந்தது.

என் தகராறு அடுத்த படியில். கோடு மங்கலாகத் தெரிய எத்தனையோ காரணம்: கண்புரை, கிளாக்கோமா, சர்க்கரை, பார்வை நரம்பு அழற்சி, பி12 குறைவு, பழைய கண்ணாடி பவர், கண் வறட்சி, வயது. சோதனை 'குறைகிறது' என்று மட்டும் சொல்லும். 'எதனால்' என்று அதற்குச் சொல்லத் தெரியாது. அதைச் சேர்த்து எழுதுவது இணையதளம். இங்குள்ள ஒவ்வாமை, நச்சியல் மருத்துவர் சங்கங்கள் இதைப் பூஞ்சை நோய் கண்டறியும் சோதனையாக ஏற்கவில்லை.

விரல் நுனி எறும்பைப் பற்றிப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. பி12 குறைந்தாலும் அப்படி வரும், சைவக்காரர்களுக்கு அது குறைய வாய்ப்பு அதிகம். நீங்கள் சைவமா?

அப்புறம் அந்த 'பரவாயில்லை' எனக்குக் கொஞ்சம் கோபத்தையே வரவழைத்தது. கொலஸ்டிரமின் கொழுப்பைக் குறைக்கத் தருகிற பழைய மருந்து. குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே தள்ளும், அதோடு உங்கள் தைராய்டு மாத்திரையில் இருக்கும் தைராக்ஸினையும் பிடித்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவில் குறைந்தது நாலு மணி நேரம் வேண்டும். நாலு வேளை பொடி குடித்தால் அந்த இடைவெளியை எங்கே தேடுவது? மலச்சிக்கல் தனிக்கதை.

பிக்சல் பாண்டி:

கண்ணை விடுங்கள், திரையைப் பேசுவோம். டிஸ்ப்ளே பிரிவில் வேலை. சாதாரண லேப்டாப் திரையில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை மொத்தமே 256 படி. நல்ல கண் அரை சதவீத வித்தியாசத்தைக்கூடப் பிடித்துவிடும், அந்தத் திரையில் அவ்வளவு சின்னப் படியே கிடையாது. ஏதோ தந்திரம் செய்துதான் காட்ட வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு நைட் மோட் தானாக விழுந்து திரை மஞ்சளாகியிருக்கும், வெளிச்சமும் குறைந்திருக்கும். பின்னால் டியூப்லைட் பிரதிபலித்தால் முடிந்தது கதை. உங்கள் மூன்று ரிசல்ட்டில் இரண்டு திரையின் ரிசல்ட்டாக இருக்கலாம். மூன்று விடையில் ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் மூன்றில் ஒரு பங்கு சரியாக விழும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஈரச்சுவர்:

பாண்டி தம்பி, திரை கெட்டது சரி, சுவர் கெட்டதை யார் பார்ப்பது? நாங்கள் 2017 ஹார்வி புயல் வெள்ளத்தில் முட்டளவு தண்ணீரில் நின்ற குடும்பம். நானும் இந்த டெஸ்ட் எடுத்தேன், ஜம்மென்று பாஸ். அந்த வாரமே சோஃபாவை நகர்த்தினால் பின்சுவர் தோசைக்கல் அடிப்பக்கம் மாதிரி இருந்தது. ஆகவே பாஸ் ஆனால் வீடு சுத்தம் என்றும் எடுத்துக்கொள்ளாதே அம்மா.

அந்தப் பொடியை நானும் இரண்டு மாதம் குடித்தேன், உடம்பு தேறியது. ஆனால் குடிக்க ஆரம்பித்த அதே வாரம்தான் வீட்டைக் காலி செய்துவிட்டு என் தங்கை வீட்டுக்குப் போனோம். பொடியா, தங்கை வீடா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் வீட்டுக்காரர் பொடி என்பார், பணம் கட்டியது அவர்.

நீ செய்ய வேண்டியது: சுவரடியில் ஓடும் மரச்சட்டத்தை ஒரு இடத்தில் நெம்பிப் பார். பூஞ்சை பத்துச் சதுர அடிக்குள் என்றால் நாமே துடைத்துவிடலாம் என்பது அரசாங்கக் கணக்கு. அதற்கு மேல் என்றால் ஆள் வர வேண்டும். எந்தப் பூஞ்சை என்று ஆய்வுக்கு அனுப்பிக் காசைக் கரைக்காதே, எதுவானாலும் எடுக்கத்தானே போகிறோம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் வெள்ளையடித்தால் தீபாவளிக்குள் திரும்ப வந்துவிடும். வீட்டுக்காரருக்கு வாயால் சொல்லாதே, ஃபோட்டோவோடு எழுதி அனுப்பு. ஐம்பது டாலருக்குள் ஈரமானி கிடைக்கும், என்னிடமும் ஒன்று சும்மா கிடக்கிறது. சுகர்லாந்து பக்கம் வந்தால் வாங்கிக்கொள்.

கேட்டிக்காரி:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கரண்டிக்காரன் சார், ஆமாம், சைவம். முட்டைகூட இல்லை. குடும்ப டாக்டரிடம் பி12 பார்க்கச் சொன்னேன், 168 வந்தது. 200க்குக் கீழே குறைவாம். ஊசி போடுகிறார்கள். கண் டாக்டர் எழுத்துகள் எல்லாம் ஒரே அளவில் இருந்து வெளிறிக்கொண்டே போகும் ஒரு பலகையைச் சுவரில் மாட்டிப் படிக்கச் சொன்னார். சொட்டு மருந்து விட்டபின் இரண்டு கண்ணும் சரி. கண் வறட்சியாம், திரையைப் பார்க்கும்போது நான் இமைப்பதே இல்லையாம். கரண்டிக் கதையைச் சொன்னேன், சிரிக்கவில்லை.

ஈரச்சுவர் அக்கா, மரச்சட்டத்தைக் கணவர்தான் நெம்பினார். மூன்றடி உயரம், ஐந்தடி நீளத்துக்குக் கறுப்பு. 2021இல் மேல் பலகையை மட்டும் மாற்றிவிட்டு, கீழே ஊறினதை அப்படியே விட்டு வெள்ளையடித்திருக்கிறார்கள். கணவர் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, 'ஏதோ வாடை வருகிற மாதிரி இருக்கு' என்றார்! அன்றிரவே வீட்டுக்காரருக்கு ஃபோட்டோ அனுப்பிவிட்டோம், அடுத்த வாரம் பலகையைப் பெயர்க்க ஆள் வருகிறார்கள்.

மூக்கடைப்பு இன்னும் இருக்கிறது. விரல் எறும்பு குறைந்திருக்கிறது. 2,800 டாலர் கட்டவில்லை, கோயிலில் அந்த அக்காவைப் பார்த்தால் பிரசாத வரிசைப் பக்கம் நழுவிவிடுகிறேன். 15 டாலர் தளத்திலிருந்து வாரம் ஒரு மெயில், மறுசோதனைக்கு நேரமாகிவிட்டதாம்.

அக்கா, சனிக்கிழமை சுகர்லாந்து பக்கம் வருவேன். ஈரமானியை வாங்கிக்கொள்ளட்டுமா? புதுப்பலகை அடிப்பதற்கு முன் உள்ளே இருக்கும் மரம் எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். இந்தத் தடவை நான் பக்கத்திலேயே நிற்கப் போகிறேன்.