மறுமொழி: 'மென்மிதி' என்ற ஒரு சொல் போதுமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பிரேக் மிதி திடமில்லாமல் இருக்கும் கோளாறுக்கு 'மென்மிதி' என்ற சொல்லை நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்கு முன், கோத்தகிரி நண்பரின் மடலை இன்னொரு முறை படித்துவிடுங்கள். பழைய ஜீப்பின் முன்சக்கரங்களில் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போட்டிருக்கிறார். "மிதி பாதி தூரம் சும்மா போகிறது, அப்புறம்தான் பிடிக்கிறது, அதுவும் மெத்துமெத்தென்று" என்கிறார். இதில் இரண்டு கோளாறுகள் இருக்கின்றன. இரண்டுக்கும் மென்மிதி என்றே பெயர் வைத்தால், நம் பட்டியலை நம்பி வேலை பார்ப்பவர் பிரேக் குழாயிலிருந்து காற்றை எடுத்துக்கொண்டே இருப்பார், மிதி மேலே வராது.

எங்கள் குன்னூர்ப் பட்டறைகளில் யாரும் மிதி மென்மையாக இருக்கிறது என்று சொல்வதில்லை. 'மெத்துனு இருக்கு' என்பார்கள், 'ரொம்ப கீழ போய்த்தான் பிடிக்குது' என்பார்கள், 'கால வச்சுட்டே இருந்தா இறங்குது' என்பார்கள். காலுக்குத் தெரிவதை அவர்கள் ஏற்கெனவே மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். நாமும் அந்த வழியிலேயே மெத்துமிதி, தாழ்மிதி, அமிழ்மிதி என்று மூன்று சொற்களாக வைப்போம்.

மெத்துமிதி என்றால் குழாயில் காற்று. பிரேக் ஆயில் அழுந்தாது, காற்று அழுந்தும். காலின் விசை பேடுக்கு (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டை) போய்ச் சேராமல் குமிழியைச் சுருக்குவதிலேயே செலவாகிறது. டிஸ்க் மாற்றியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காற்றெடுக்கும் திருகு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை. அது காலிப்பரின் (பேடுகளைத் தாங்கி டிஸ்க்கைக் கவ்வும் பகுதி) உச்சியில் இருக்க வேண்டும். இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் பூட்டிவிட்டால் திருகு கீழே வந்துவிடும். பல வண்டிகளில் அப்படியும் பூட்டலாம், போல்ட் எல்லாம் சரியாகவே உட்காரும். ஆனால் காற்று மேலே தங்கிவிடும், திருகு வழியாக வெறும் ஆயில்தான் வரும். காற்றெடுக்கும்போது மாட்டும் கண்ணாடிக் குழாயில் குமிழியே இல்லை, மிதி மட்டும் மெத்தென்று இருக்கிறது என்று நண்பர் எழுதியதைப் பார்த்தால் எனக்கு இந்தச் சந்தேகம்தான் வருகிறது. திருகு கீழே இருந்தால், இரண்டு காலிப்பரையும் இடம் மாற்றிப் பூட்டிவிட்டு, சமதரையில் நிறுத்திக் காற்றெடுக்கட்டும். நம் ஊரில் வீட்டு வாசலெல்லாம் சரிவுதான், அதனால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தாழ்மிதிக்குக் காரணம் காற்று இல்லை, அளவு. புது காலிப்பரின் பிஸ்டன் பெரிது, அதை நகர்த்தக் கூடுதல் ஆயில் வேண்டும். பழைய மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதிக்குத் தள்ளும் ஆயில் போதாவிட்டால், பேடு டிஸ்க்கைத் தொடுவதற்குள் மிதி பாதி இறங்கியிருக்கும். சிலிண்டர் விட்டம் 19 மி.மீ. என்பதை 22 ஆக்கினால் அதே மிதிக்கு மூன்றில் ஒரு பங்கு அதிக ஆயில் போகும். ஆனால் அதே கால்விசைக்கு அழுத்தம் கால்பங்கு குறைந்துவிடும். மிதி கெட்டியாகிவிட்டது, பிரேக் நன்றாகிவிட்டது என்று மகிழ்ந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவது ஆபத்து. பின்சக்கர டிரம்முக்கும் அதன் உள்ளே உரசும் ஷூவுக்கும் உள்ள இடைவெளி கூடிப்போனாலும் மிதி தாழும். சிலிண்டரை மாற்றுமுன் அதைச் சரிசெய்து பார்ப்பது செலவில்லாத வேலை.

வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் மாஸ்டர் சிலிண்டர் காலடித் தகட்டுக்குக் கீழே, காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும். சற்று நேரம் நின்றால் ஆயில் திரும்பி ஓடி, முதல் மிதி மட்டும் தாழும், இரண்டாம் மிதி சரியாக இருக்கும். குழாயில் சிறு அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு போட்டால் தீரும். டிரம்முக்கான வால்வையே விட்டுவைக்கக் கூடாது. அதன் அழுத்தம் டிஸ்க்குக்கு அதிகம், பேடு உரசிக்கொண்டே இருக்கும்.

அமிழ்மிதி பற்றி நீட்ட ஒன்றுமில்லை. அரை நிமிடம் ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடிக்கும்போது மெதுவாகத் தரை நோக்கி இறங்கினால், எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்திருக்கிறது. அந்த வண்டியை எடுக்கவே கூடாது.

தாழ்மிதிக்கு 'நீள்மிதி' என்று நம் குழுவின் சேலம் ஐயா சொன்னதை யோசித்தேன். மிதிகட்டையே நீளமானது என்று பொருள் கொள்ள இடமிருக்கிறது. தாழ்மிதி, அமிழ்மிதி இரண்டும் ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகை. தாழ்ந்த, தாழ்கிற, தாழும் என்று முக்காலமும் அடங்கும். மெத்துமிதி அப்படி இல்லை, 'மெத்தென்ற' என்பதிலிருந்து வந்தது. அதற்காக அதை விலக்க வேண்டியதில்லை, பட்டறையில் சொன்னதும் புரிகிற சொல் அதுதான்.

'ஆவிப்பூட்டு' (vapour lock) என்ற சொல்லை மட்டும் நான் ஏற்கவில்லை. இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் ஆயில் கொதித்து ஆவியாகிறது, ஆவி அழுந்துவதால் மிதி மெத்தென்றாகிறது. அங்கே எதுவும் பூட்டிக்கொள்வதில்லை. 'ஆயில் கொதிப்பு' என்றே எழுதலாம். டாட் 4 (DOT 4) தர பிரேக் ஆயிலுக்குப் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் கொதிநிலை, ஈரம் ஏறியபின் 155. டாட் 3 என்றால் 205, 140. மழையும் பனியுமாக இருக்கும் நீலகிரியில், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் ஆயிலை வருடக்கணக்கில் மாற்றாமல் வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்கள் கட்டாயம் தெரிய வேண்டும்.

பட்டியலில் இப்படிப் பதியலாம் என்பது என் முன்மொழிவு:

மெத்துமிதி: மிதிக்கும்போது திடமின்றி அழுந்திக்கொடுக்கும் பிரேக் மிதி. அடுத்தடுத்து மிதித்தால் கெட்டிப்படும்.
தாழ்மிதி: வழக்கத்தைவிடக் கீழே போய்ப் பிடிக்கும் மிதி. பிடித்தபின் திடமாக நிற்கும்.
அமிழ்மிதி: மிதித்துப் பிடித்திருக்கையில் தொடர்ந்து கீழிறங்கும் மிதி.
காற்றெடுப்பு: பிரேக் குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுதல்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். கோத்தகிரி நண்பர் அந்தத் திருகு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். அதுவரை வண்டியை மலைப்பாதையில் இறக்க வேண்டாம்.